ஞாயிற்றுக்கிழமை சிரப்

— காபியில விடற சிரப் மறுபடியும் கல்லாயிடுச்சும்மா. கரண்டி நட்டுக்கிட்டு நிக்குது.

— கிளறினீங்களா அத்தை?

— கிளறல.

— அத்தை.

— ஒரே ஒரு தடவை. சும்மா, அடி பிடிக்குதான்னு பாத்தேன்.

— கொதி வந்தப்புறம் கரண்டியே படக்கூடாதுன்னு போன வாரம்தானே சொன்னேன்.

— சொன்னே. என் கை கேக்கணுமே. காலம் பூரா தையல் மெஷின்ல ஓடின கை. சும்மா இருன்னா இருக்குமா?

— பாத்திரத்து ஓரத்துல ஒட்டின சக்கரையை ஈரத்துணியால துடைச்சீங்களா?

— அது எதுக்கு?

— கரையாத ஒரு துளி உள்ள விழுந்தாப் போதும். அதைப் புடிச்சுக்கிட்டு மத்ததெல்லாம் கல்லாயிடும்.

— நம்ம வீட்டுக் கதை மாதிரியே இருக்கு.

— அந்தக் கதை வேணாம் அத்தை.

— சரி, விட்டாச்சு. உன் பக்கம் என்ன ஒரே ஹாரன் சத்தம்? ரோட்டுல இருக்கியா?

— ஆமா. நடந்துக்கிட்டே பேசறேன்.

— ஞாயித்துக்கிழமை அதுவுமா எங்க போறே? யாரையாவது பாக்கவா? சொல்லு, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.

— அப்படி யாரும் இல்ல. ரூம்லயே இருந்தா நானும் கட்டிலும்தான். நேத்து முழுக்க வாயைத் திறந்து பேசினது ஒரே ஒரு தடவை. கடைக்காரர்கிட்ட, சில்லறை இல்லைன்னு.

— லேப்ல பேச ஆளு இல்லியா?

— அங்க எல்லாரும் மைக்ராஸ்கோப்ல தலையை விட்டுக்கிட்டு இருப்பாங்க. நானும்தான்.

— என்னமோ போ. நீ பேசாம இருக்கறதைப் பாத்துத்தான் திமிர் புடிச்சவள்னு நினைச்சேன்.

— தெரியும். சரி, புதுசா ஆரம்பிங்க. நான் லைன்லயே இருக்கேன். ஒரு கப் சக்கரை, ஒரு கப் தண்ணி.

— கப்பா? தராசு எங்க போச்சு? அடுப்படியில தராசைக் கொண்டாந்து வச்ச ஆளாச்சே நீ. சக்கரையை எடை போட்டுக் காய்ச்சினவளை நான் வேற எங்கயும் பாத்ததில்ல.

— நீங்க அதுல பட்டன் எடை போட்டீங்க.

— பட்டன்காரன் ஏமாத்தறானான்னு பாக்க வேணாமா? ஏமாத்தத்தான் செஞ்சான், அது வேற.

— போட்டாச்சா?

— போட்டாச்சு, போட்டாச்சு.

— அடுப்பு?

— பத்த வச்சாச்சு.

— சத்தமே வரலியே.

— புது லைட்டர். சத்தம் போடாது.

— பட்டை ரெண்டு துண்டு உடைச்சுப் போடுங்க. ஆரஞ்சுத் தோல் இருக்கா? உள்பக்கத்து வெள்ளையைச் சுரண்டிட்டுப் போடுங்க. இல்லைன்னா கசக்கும்.

— நீ இதெல்லாம் காய்ச்சறப்ப நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா?

— காபியில செண்ட்டு ஊத்திக் குடிக்கறா பாருன்னு சொன்னீங்க. உங்க பிள்ளைகிட்ட. எனக்குக் கேக்கற மாதிரி.

— கேக்கணும்னுதான் சொன்னேன்.

— கேட்டுச்சு.

— நீ போனப்புறம் ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு பாட்டில் நின்னுச்சு. அவன் தூக்கிப் போடப் போனான். வீணாக்காதேடான்னு நான்தான் வாங்கி வச்சேன். தினமும் ஒரு ஸ்பூன் காபியில விட்டுக் குடிச்சேன். தீரத் தீரத் தண்ணி ஊத்திக் குலுக்கி, மறுபடி குலுக்கி, வெறும் பச்சைத் தண்ணி ஆகற வரைக்கும்.

— இதை நீங்க சொன்னதே இல்லியே.

— எப்படிச் சொல்றது? காபியில செண்ட்டுன்னு சொன்ன வாய்.

— முதல் தடவை உங்க நம்பரைப் பாத்தப்ப, திட்டத்தான் கூப்பிடறீங்கன்னு நினைச்சேன். எடுக்கறதா வேணாமான்னு யோசிச்சேன். எடுத்தா, பட்டை எவ்வளவு போடணும்னு கேக்கறீங்க.

— வேற என்னத்தைக் கேக்க? ஒரே அடுப்படியில நின்னப்ப நாம என்ன பேசினோம்? உப்பு எங்க. அங்க. அவ்வளவுதான்.

— இப்பதான் பேசறோம்.

— இப்பதான். சக்கரை புண்ணியத்துல.

— அத்தை, ஒண்ணு கேக்கணும். கோர்ட்ல எல்லாம் முடிஞ்சிருச்சு. இன்னும் உங்களை அத்தைன்னு கூப்பிடறது சரியா? இப்ப நான் உங்களுக்கு என்ன முறை?

— வாரா வாரம் என்னைத் திட்டற முறை.

— விளையாடாதீங்க.

— தெரியலம்மா. இதுக்குன்னு யாரும் ஒரு பேரு வைக்கல போலிருக்கு. இரு இரு, கொதி வந்துடுச்சு.

— ஃபோனைக் கிட்ட வைங்க, கேக்கறேன்.

— கேக்குதா?

— டம்ளர்ல கரண்டியை ஆட்டற மாதிரி இருக்கு.

— பட்டை பாத்திரத்துல முட்டுதும்மா. எல்லாத்துக்கும் ஒரு சந்தேகம் உனக்கு.

— தீயைக் குறைங்க. எலுமிச்சம்பழம் ரெண்டு சொட்டு பிழிஞ்சு விடுங்க. இனிமே கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. அதுவா ஆகும்.

— கட்டிக்கிட்டேன்.

— இன்னிக்குச் சரியா வந்துடும் பாருங்க.

— வந்துட்டா அப்புறம் நீ எதுக்கு ஃபோனை எடுக்கப் போறே?

— எடுப்பேன்.

— இப்ப சொல்லுவே. வெனிலா சிரப் ஒண்ணு பாக்கி இருக்கே. அது கஷ்டம்தானே?

— அதுதான் இருக்கறதுலயே சுலபம்.

— கஷ்டம்னு சொல்லேன்.

— சரி. கஷ்டம்.

— ரொம்பவா?

— ரொம்ப. என்ன மணி அது, உங்க பக்கம்?

— பக்கத்து வீட்டுக் காலிங் பெல்.

— யாரோ மாத்திரைன்னு கூப்பிட்டாங்களே.

— டிவி. ஓடிக்கிட்டே இருக்கு, பாக்கத்தான் ஆளில்ல.

— அத்தை, ஃபோன்ல சொன்னா இது வராது. ஒரு தடவை நேர்ல வந்து காட்டட்டுமா?

— வேணாம்! அவன் வீட்டுல இருக்கான்.

— ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவர் என்னிக்கு வீட்டுல இருந்திருக்கார்?

— இப்பெல்லாம் இருக்கான். திருந்திட்டான். வேணாம்மா. உனக்கு எதுக்குச் சங்கடம்.

— நான் ஒரு பாட்டில் காய்ச்சியிருக்கேன். உங்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே ஆசை வந்துடுச்சு. ரூமுக்குக் குட்டியா ஒரு கரண்ட் அடுப்பு வாங்கினேன்.

— அடேயப்பா. சாப்பாட்டுக்கு வாங்காத அடுப்பை சிரப்புக்கு வாங்கினியா? நல்லா வந்துச்சா?

— எனக்குத் தெரியல. வேற யாராவது குடிச்சுப் பாத்துச் சொன்னாத்தான்.

— நல்லாத்தான் இருக்கும். உன் கைக்கு அது வரும். என்னம்மா, ஹாரன் சத்தத்தையே காணோம்? நடக்கறதையும் நிறுத்திட்டியா? லைன்ல இருக்கியா?

— இருக்கேன்.

— குரல் ஏன் ஒரு மாதிரி ஆயிடுச்சு?

— ஒண்ணுமில்ல. அத்தை, அடுப்படி ஆவியா இருக்கும். ஜன்னலைத் திறங்க.

— திறந்துட்டேன்.

— அந்தக் கொக்கி இறுக்கமா இருக்குமே.

— ஒரு தட்டு தட்டினேன், வந்துடுச்சு. நல்ல காத்து.

— வெளிய என்ன தெரியுது?

— என்ன தெரியும்? நம்ம கேட்டு. எதிர்வீட்டு ஸ்கூட்டர். வளைஞ்ச லைட் கம்பம். எல்லாம் வச்சது வச்சபடி இருக்கு.

— கேட்டுப் பக்கத்துல யாராவது நிக்கறாங்களா?

— ஒரு ஈ காக்கா இல்ல.

— நான் நிக்கறேன் அத்தை.

— என்னம்மா சொல்றே?

— ஜன்னல்ல உள்பக்கம் பேப்பர் ஒட்டியிருக்கு. கதவுல பூட்டு. கேட்டுல வாடகைக்குன்னு ஒரு அட்டை தொங்குது, அவர் நம்பரோட. அத்தை? இருக்கீங்களா?

— சிரப் ஆயிடுச்சும்மா. இறக்கிடறேன்.

— இறக்குங்க. இறக்கிட்டுச் சொல்லுங்க. எங்க இருக்கீங்க?

— அவனுக்கு வேற ஊருல வேலை கிடைச்சுது. அங்க இடம் சின்னதாம். இங்க நல்லாத்தான் பாத்துக்கறாங்க. எல்லாம் என் வயசுக்காரங்க. மணி அடிச்சாச் சாப்பாடு, மணி அடிச்சா மாத்திரை. அடுப்புதான் கிடையாது.

— அப்ப போன வாரம் கல்லானது? அதுக்கு முந்தி கசந்தது?

— நீ சொல்லச் சொல்ல நான் மனசுலதான் காய்ச்சினேன். நம்ம அந்த அடுப்படியில நின்னுக்கிட்டு. சரியா வந்துட்டா நீ வச்சுடுவியேன்னு, வாரா வாரம் நானே கெடுத்துக்கிட்டேன்.

— அட்ரஸ் சொல்லுங்க. பாட்டில் பையிலதான் இருக்கு.

— இப்பவேவா? வாசல்லயே வாங்கி வச்சுக்குவாங்கம்மா. இங்க யாருக்கும் இனிப்பு கிடையாது.

— வச்சுக்கட்டும். நான் உள்ள வரலாம் இல்ல? சொந்தக்காரங்களை மட்டும்தான் விடுவாங்களா? யாருன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?

— கேக்க மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை ஆனா ஃபோனைத் தூக்கிக்கிட்டு மூலைக்கு ஓடறியே, யாரு அதுன்னு கேட்டவங்க எல்லார்கிட்டயும் என் மருமகள்னுதான் சொல்லி வச்சிருக்கேன்.