ஏழு பேருக்கு ஒரு உருண்டை

— கதவத் தொறக்க மாட்டேன். மொதல்ல யாரு பேசுறதுன்னு சொல்லு.

— நாங்கதான் மதினி.

— நாங்கன்னா? ஒரு வாய்தான கேக்குது.

— வாய் ஒண்ணுதான். ஆளு நெறைய. போன வருசம் ஜீப்போட மண்ணுக்குள்ள போனோமே, அவங்கதான்.

— மதினிங்கிற. அப்ப நீ ஜோதிமணி.

— இப்போதைக்கு அவதான். செத்த நேரத்துல மாறிப்புடும், கேட்டியா.

— "கேட்டியா"ன்னது ஜோதிமணி இல்ல. கருப்பம்மா பெரியம்மாவுக்குத்தான் வாயத் தொறந்தா அந்த வார்த்தை வரும்.

— ஆமாடி அன்னக்கொடி. இன்னைக்கு மூணு மணிக்கே மேகம் எறங்கிருச்சுல்ல, அதான் ஒன் பின்வாசல் வரைக்கும் வர முடிஞ்சுச்சு. வெயில் பட்டா எங்களால சேந்து நிக்க முடியாது, கேட்டியா. துணி காயிற மாதிரி ஆயிருவோம்.

— பலகை இடுக்குல பாத்தேன் பெரியம்மா. ஒரு கையில ஜோதிமணி போட்டிருந்த பச்சக் கண்ணாடி வளையல் கெடக்கு. இன்னொரு கை ஆம்பளக் கை.

— அது எங்கையி தங்கச்சி. ஸ்டியரிங் புடிச்சுக் காய்ச்ச கை.

— நல்லசாமியண்ணே!

— ரைட்டு. எம்பொழப்பப் பாத்தியா? இந்தப் பொம்பளைகளப் பூண்டு புடுங்க ஏத்திக்கிட்டுப் போற அரை மணி நேரத்துலயே எனக்குக் காது வலிக்கும். இப்ப ஒரு வருசமா ஒரே ஒடம்பு. நான் பீடிக்கு ஏங்குனா பெரியம்மா பொயிலைக்கு ஏங்குது. ரெண்டுக்கும் சேத்து ஒரு வாயி ஊறுது.

— சிரிப்புக் காட்டாதீங்கண்ணே. எம்புள்ள எங்க? ஷர்மிளா எங்க? அவளப் பேசச் சொல்லுங்க.

— அத விடு அன்னக்கொடி. உள்ள என்னமோ வாசம் வருதே. பூண்டு காயப் போட்ட புகையத் தாண்டி வருது. பச்சரிசிச் சோறா?

— ஆமா பெரியம்மா. எள்ளுப் போட்டுப் பெசஞ்சு வச்சிருக்கேன். இன்னைக்கு ஒங்களுக்கெல்லாம் தலைத்திவசம்ல. ஊரே அந்த வளைவுல, கல்லு நட்ட எடத்துல நிக்குது. எங்க வீட்டுக்காரருதான் முன்ன நின்னு செய்யிறாரு. கருமாதிக்குச் செஞ்ச மாதிரியே, ஏழு பேருக்கும் ஒரே உருண்டை.

— அந்த ஒரு உருண்டைதாண்டி எங்கள இப்படி ஒட்டிப்புடுச்சு. ஜேசிபி ரெண்டு நாளு தோண்டுச்சு, மழை விடல. கெடைச்சதுல எது யாருன்னு தெரியல. ஒரே குழின்னீக, சரின்னு படுத்துக்கிட்டோம். ஆனா கருமாதியில ஏழு பேரையும் ஒரே மூச்சுல சொல்லி, ஒரே உருண்டையப் புடிச்சு வச்சாரே ஒம்புருசன்...

— பதினாறு நாளு அழுது ஓஞ்சு போயிருந்தோம் பெரியம்மா. ரோடு அத்துப்போயி கீழ இருந்து யாரும் வரல. வீட்டுக்கு வீடு தனியாச் செய்ய எவருக்கும் தெம்பில்ல. "ஒண்ணாப் போனாக, ஒண்ணாவே சோறு வைப்போம், நான் செய்யிறேன்"ன்னு அவருதான் எந்திரிச்சாரு. மகளப் பறிகுடுத்தும் ஊருக்காக நிக்கிறாரு பாருன்னு எல்லாரும் கையெடுத்துக் கும்புட்டாக.

— ஒரு உருண்டைய எத்தன வாயில திங்கிறது மதினி? ஒரு வாயாத்தான் தின்னோம். தின்னுட்டு எந்திரிச்சுப் பாத்தா பிரிய முடியல. கந்தம்மா அக்காளும் அவுக தங்கச்சியும் உசுரோட இருந்தப்ப மூணு வருசமாப் பேசிக்கல. இப்ப ரெண்டு பேருக்கும் ஒரே நாக்கு. யாரும் பேசக்கூடாதுன்னு அதுலயும் ஒரு சண்டை.

— எங்கதையக் கேளு தங்கச்சி. போன மாசம் எம்பொஞ்சாதியச் சன்னல் வழியாப் பாக்கப் போனேன். வெரசா ஒரு தடவ கூப்புட்டுட்டு வந்துருவோம்னு வாயத் தொறந்தா, ஜோதிமணி கொரல்ல "ஏங்க"ன்னு வருது. அவ வெளக்கமாத்தத் தூக்கிட்டா.

— அண்ணே, நான் ஒரு முடிவோட இருக்கேன். அதுக்குத்தான் இன்னைக்கு அங்க போகல. எம்புள்ளைக்குன்னு தனியா ஒரு உருண்டை புடிச்சு வச்சிருக்கேன். அவ பேர மட்டும் சொல்லி இந்த வாசப்படியில வைக்கப் போறேன். அவ ஒங்ககிட்ட இருந்து பிரிஞ்சு வந்து, வயிறாரத் தின்னுட்டு நல்லபடியாப் போகட்டும். அன்னைக்கு வெள்ளனே அவ தலை சீவிக்கிட்டே நின்னா. "ஜீப்பு போயிரும்டி, சனியனே"ன்னு வஞ்சு அனுப்புனேன். சாப்புடாமப் போனா. இந்த ஒரு வருசமா எனக்கும் சோறு எறங்கல.

— வையி தங்கச்சி. பேரச் சொல்லி வெரசா வையி.

— நல்லசாமி, சும்மா கெட! அன்னக்கொடி, சொல்லாதடி.

— ஏன் பெரியம்மா?

— ஏன்னா ஏன். அந்தச் சோத்தக் காக்காய்க்குப் போட்டுட்டு வேற சோலியப் பாரு.

— தங்கச்சி கூப்புடட்டும், நீங்க ஏன் பெரியம்மா தடுக்குறீக? எம்புட்டு நாளு இந்தக் குளுருல நிக்கிறது? பெத்தவ வாயால ஒரு தடவ கூப்புட்டாப் போதும், காலியாக் கெடக்குற எடம் நெறைஞ்சுரும். நாம கெளம்பிறலாம்.

— எந்த எடம் காலியாக் கெடக்கு? நல்லசாமியண்ணே, என்ன சொல்றீக?

— மதினி, பேரு ஏழு சொன்னாக. நாங்க ஆறு பேருதான் இருக்கோம்.

— ஜோதி! வேணாம்டி.

— சொல்லித்தான் ஆகணும் பெரியம்மா. இல்லாட்டி பெத்த தாயே கொன்னுப்புடும். மதினி, ஷர்மிளா எங்ககூட இல்ல. அவ சாகல.

— என்ன... என்ன சொன்ன?

— பூம்பாறை முக்குல "செத்த நிறுத்துங்கண்ணே"ன்னு எறங்கிட்டா. பையிகூட சீட்டுலயே கெடந்துச்சு.

— நாந்தான் நிறுத்துனேன் தங்கச்சி. ரோட்டோரம் ஒரு பூண்டு லாரி நின்னுச்சு. ஜெயமுருகன் லாரி.

— எந்த ஜெயமுருகன்? நம்ம வாசல்ல வந்து மூட்ட ஏத்துவானே, அந்த வத்தலக்குண்டுப் பையனா?

— அவந்தான் மதினி. "சாயங்காலம் நீ போயி அம்மாகிட்டப் பக்குவமாச் சொல்லுக்கா, அம்மா பயந்துராம"ன்னு எங்காதுல சொல்லிட்டு ஓடுனா. லாரியில ஏறிக் கையக் காட்டிச் சிரிச்சா. நாங்க நாலு வளைவு தாண்டல, மலை எறங்கிருச்சு. அந்தச் சேதிய ஒங்ககிட்டச் சேக்காம இன்னும் வாயிலயே வச்சுக்கிட்டுத் திரியிறேன்.

— முருகா... எம்புள்ள இருக்காளா? மூச்சோட இருக்காளா?

— இருக்காடி. அதுதான் எங்களுக்குத் தீராத வேதனை. ஏழு பேருக்குன்னு வச்ச சோத்துல ஒரு பங்கு மிஞ்சிப்போச்சு. அது எங்களுக்குள்ள ஒரு பொத்தலாக் கெடக்கு, கேட்டியா. அதுல காத்தடிக்குது. அது அடையாம நாங்க போக முடியாது. அது அவளப் புடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கு. மேகம் எறங்காத எடத்துல அவ இருக்கா, எங்களால போயிப் பாக்க முடியல. ஆனா கயித்தோட அந்த முனையில ஒருத்தி தள்ளாடுறது இங்க தெரியுது. பெத்தவ நீயும் பேரச் சொல்லிச் சோறு வச்சன்னா, வந்து விழுந்துருவா.

— அண்ணே! இது தெரிஞ்சுமா என்னை வையின்னீக?

— பாவந்தான் தங்கச்சி. எனக்கும் ரெண்டு பொட்டப்புள்ளைக இருக்கு. ஆனா குளுருது. ஒனக்குச் சொன்னாப் புரியாது, அப்படிக் குளுருது.

— கையில இருக்குறதக் கீழ போடுடி மொதல்ல.

— போட்டுட்டேன் பெரியம்மா. போட்டுட்டேன். ஆனா உசுரோட இருக்குறவ ஒரு வருசமா ஏன் வரல? ஒரு போனு பண்ண மாட்டாளா? அம்புட்டுக் கல் நெஞ்சா அவளுக்கு?

— இந்தா ஒம்புருசன் செருப்புச் சத்தம் கேக்குது. அவரக் கேளு.

— ஏ அன்னம்! ஊரே மழையில நிக்குது, நீ பாட்டுக்கு வீட்டுல இருக்க. யார்கிட்டப் பேசிக்கிட்டு இருக்க? இதென்ன, சோறு செதறிக் கெடக்கு?

— ஏங்க, கதவுக்கு அந்தப் பக்கம் யாருன்னு கேளுங்க.

— யாரு இருக்கா? மேகந்தான் கெடக்கு.

— வேலுச்சாமி, நாங்கதான்யா. இப்பத்தான ஒங்கையால தின்னுட்டு வாறோம்.

— முருகா! முருகா!

— முருகனப் பெறகு கூப்புடு. ஒண்ணே ஒண்ணு கேக்குறோம், பொஞ்சாதி முன்னால சொல்லு. உருண்டை புடிக்கிறவன் கைய, திங்கிற எங்களுக்குத் தெரியும், கேட்டியா. ஆறு பேரச் சொல்லையில ஒங்கை நடுங்குச்சு. பெத்த மக பேரச் சொல்லையில மட்டும் அது பாட்டுக்குக் கல்லாட்டம் நின்னுச்சே. ஏன்யா?

— ஏங்க, எம்மூஞ்சியப் பாருங்க. அவ சாகலைன்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

— அன்னம்...

— தெரியுமா, தெரியாதா?

— தெரியும்.

— எப்ப இருந்து?

— அன்னைக்கு ராத்திரியே. போன் பண்ணா. "மண்ணு சரிஞ்சுருச்சாமே, நான் அதுல இல்லப்பா, எனக்குக் கல்யாணம் முடிஞ்சுருச்சுப்பா"ன்னு அழுதா. வாசல்ல ஊரே எம்மகளுக்காக அழுதுக்கிட்டு நிக்குது. ஆறு வீட்டுல சாவு, எம்மக மட்டும் லாரிக்காரன்கூட ஓடிட்டான்னு அந்தக் கூட்டத்துல எப்படிச் சொல்றது? ஓடிப்போன புள்ளைக்குத் தலைமுழுகுறது நம்மாளுக வழக்கந்தான? நான் ஒண்ணும் புதுசாச் செய்யல.

— தலைமுழுகுறவரு அவளுக்கு மட்டும் முழுகியிருக்கலாம்ல? இவுகள ஏன் இப்படிக் கட்டிப் போட்டீக?

— தனித்தனியாச் செஞ்சா அவ பேருக்குன்னு தனியா ஒண்ணு புடிக்கணும் அன்னம். உசுரோட இருக்குற புள்ளைக்கு அப்படிப் புடிக்க எனக்குக் கை வரல. கூட்டத்தோட சேத்துட்டா உறுத்தாதுன்னு நெனச்சேன்.

— யோவ் வேலுச்சாமி! ஒம்மானத்த மறைக்க எங்க ஆறு பேரையும் பொட்டலம் கட்டுனியாய்யா?

— விடுங்கண்ணே, நான் பேசிக்கிறேன். எம்போனுக்கு அவ ஏங்க பேசல?

— மறுநாளே ஒஞ்சிம்ம மாத்திட்டேன். போனு ரிப்பேருன்னு சொன்னேன்ல.

— நம்பரக் குடுங்க.

— வேணாம் அன்னம்.

— ஒங்க போன்லதான இருக்கு? என்ன பேருல போட்டு வச்சிருக்கீக?

— உரக்கடை.

— உரக்கடை! அமாவாசைக்கு அமாவாசை அடிக்குமே, எடுக்காமலே கட் பண்ணுவீகளே, அது எம்புள்ளையா? குடுங்க இங்க!

— அன்னம், ஒங்காலப் புடிக்கிறேன். நீ மட்டும் பேசாத. அவ தாங்க மாட்டா.

— பெத்தவ கொரலக் கேட்டா ஏன் தாங்க மாட்டா? செத்த புள்ள உசுரோட இருக்கான்னு கேட்டே நான் தாங்கிட்டு நிக்கிறேன். கைய விடுங்க!

— டவரு இருக்கா மதினி?

— ரெண்டு கோடு இருக்கு ஜோதி. ரிங்கு போகுது.

— நாங்க சத்தங்காட்டல. நீங்க பேசுங்க.

— ஹலோ? அப்பா? அப்பா, நீங்களா கூப்புட்டிருக்கீங்க?

— கண்ணு... ஷர்மிளா... அம்மாடி.

— ...

— அம்மா பேசுறேன் கண்ணு. எம்மேல கோவமா? நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பேசு.

— அம்மா... ஜீப்புச் சேதியக் கேட்டு அன்னைக்கே நீ நெஞ்சடைச்சுச் செத்துப்போயிட்டதா அப்பா சொன்னாரேம்மா. அமாவாசை தவறாம ஒனக்குப் படைக்கிறேன், இன்னைக்கு விடியக்கூட ஒம்பேரச் சொல்லி உருண்டை புடிச்சு வச்சேனே... பத்தலையாம்மா?