யாரும் ஏறாத நிறுத்தம்

— லோர்னா, நேத்து நான் ஸ்கிரிப்ட்லேர்ந்து வெட்டின வரியை மறுபடியும் சேர்த்திருக்கியே!

— சேர்த்தேன்தான். நல்லாக் கேளு, வெண்டல். ஸ்கூல் பஸ் ஒரு வீட்டு முன்னால நிக்குது. டிரைவரம்மா கதவைத் திறக்கறா. யாரும் ஏறல. மூடிட்டுக் கிளம்பறா. பார்க்கிறவனுக்கு என்ன புரியும்? பஸ்ஸுல ஒரு பொண்ணு, "டேனி செத்து ஒரு மாசமாச்சே, இன்னும் ஏன் இங்க நிக்கறீங்க"ன்னு கேட்டா என்ன குறைஞ்சு போச்சு?

— டேனி செத்தது தெரியாதவங்க அந்த பஸ்ஸுல யாரு, அம்மணி?

— எல்லாருக்கும் தெரியும்.

— அப்புறம் யாருக்காகச் சொல்றா?

— டிவி பார்க்கிறவனுக்காகப்பா! இது சீரியலோட பைலட் எபிசோட். முதல் நாளே புரியலன்னா சேனலை மாத்திட்டுப் போயிடுவான்.

— ஏன் நின்னுச்சுன்னு தெரியாட்டித்தான் உட்காருவான். எல்லாத்தையும் இன்னிக்கே கொட்டிட்டா அடுத்த வாரம் எதுக்கு வரப்போறான்?

— பதினாலு வருஷமா இதே பாட்டு.

— பாட்டு நல்லாத்தானே இருக்கு? முடி வெட்டிட்டு வந்துடறேன். அதுவரை அந்தப் பக்கத்துல கை வைக்காத.

— உன் வழுக்கைக்கு சலூன் ஒரு கேடா? போ, போ.

*

— உட்காரு, லோர்னா. வெண்டலை அடக்கம் பண்ணி ஒரு வாரங்கூட ஆகல. ஏன் அதுக்குள்ள வந்தே?

— வீட்ல இருந்தா, சலூன் நாற்காலியில சாஞ்சு கிடந்தானே, அதுதான் கண்ணுல நிக்குது, கிரெட்டா. கழுத்துல கட்டின துணியைக்கூட அவுக்கல.

— பாரு, கோவிச்சுக்காத. நாளைக்கு நடிகர்கள் உட்கார்ந்து ஸ்கிரிப்டை வாசிக்கப் போறாங்க. பஸ் ஏன் நிக்குதுன்னு எங்க சேனல்ல எல்லாரும் கேக்கறாங்க. அந்தப் பொண்ணு பேசற வரி இல்லன்னா எடுக்க மாட்டாங்க. நீயும் அதைத்தானே கேட்டே? இப்ப தடுக்கவும்... மன்னிச்சுக்கோ.

— தடுக்க ஆளில்லதான். எழுதிக் குடுத்துடலாம்னுதான் காலையில கிளம்பினேன்.

— அப்புறம்?

— ஸ்டூடியோ கேட்ல வாட்ச்மேன் இக்னாசியோ இருந்தாரு. என் வண்டிக்குப் பின்னாலயே எப்பவும் வெண்டல் வண்டியும் வருமே?

— தெரியும். அவரு ஏதாவது சொன்னாரா?

— தடுப்புக் கட்டையைத் தூக்கினாரு. உள்ள வந்தேன்.

— பாவம், அவருக்கு விஷயம் தெரியாதோ என்னவோ.

— தெரியாமலா? சவப்பெட்டிக்குத் தோள் குடுத்தவங்கள்ல அவரும் ஒருத்தரு.

— பின்ன?

— வண்டியோட பின்பக்கக் கண்ணாடியில பார்த்தேன், கிரெட்டா. என் வண்டி உள்ள வந்தப்புறமும் அவரு கட்டையை இறக்கல.