பதினொரு லிட்டர் பெட்டி

அந்தப் பெட்டி மொத்தம் பத்தொன்பது மணி நாற்பது நிமிடம் ஓடியது. ஒரு கணினிக்கு இது குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நான் பேசினால் யாருக்கும் கேட்பதில்லை என்பதால் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். படித்தால் கொஞ்சம் சத்தம் வரும். சபைக் கமிட்டியில் இருக்கும் ஐந்து பேருக்கும் என்னைச் சிறுவயதிலிருந்து தெரியும். இருந்தாலும் முறைப்படி சொல்கிறேன். பெயர் யூனிஸ். வயது இருபத்து நான்கு. பி.எஸ்ஸி. இயற்பியல். சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு கடையில் கணினி அசெம்பிள் செய்கிறேன்.

எட்மண்ட் சாரின் கல்யாணத் தகவல் மையத்தில் எட்டு வருடமாகச் சேர்ந்த அறுநூற்றுப் பன்னிரண்டு பேரின் படமும் விவரமும் அழிந்தது தற்செயலா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு நான் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மார்ச் மாதம் எட்மண்ட் சார் கடைக்கு வந்தார். பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று ஸ்கூட்டரில் அலைபவர். ஆல்பத்துக்குப் பதிலாகக் கணினியையே எடுத்துப்போய், அந்தந்த வீட்டு டிவியில் மஞ்சள் வயரைச் செருகிப் படம் காட்ட ஆசைப்பட்டார்.

"லேப்டாப் வாங்கிக்கலாமே சார்" என்றேன்.

"என்னம்மா, கேக்கல."

திரும்பச் சொன்னேன்.

"அது ஆகாதும்மா. ஒருத்தர்கிட்ட இரவல் வாங்கிப் பாத்துட்டேன். சோபாவுல உக்காந்தவங்களுக்கு மாப்பிள்ளை நல்லா தெரியறாரு. தரையில உக்காந்தவங்களுக்கு நெகட்டிவ் மாதிரி தெரியறாரு. பொண்ணோட அத்தை எழுந்தே போயிட்டாங்க. டிவில போட்டாத்தான் கல்யாணம் நடக்கும்."

ஒரு கையால் தூக்க வேண்டும், ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே நிற்க வேண்டும், முடிச்சூர் ரோட்டுப் புழுதி உள்ளே போகக் கூடாது என்றார். படம் காட்டும் முன் அவர் ஜெபம் செய்வார். அப்போது சத்தம் வரக் கூடாது.

ஒரு சின்னப் பெட்டியில் இவை எல்லாம் சேர்ந்து கிடைக்காது. அளவைக் குறைத்தால் சூடு ஏறும். சூட்டைக் குறைக்க விசிறியை வேகமாக ஓட்டினால் சத்தம் வரும். சத்தத்தை அடக்கச் சுவரைத் தடிமனாக்கினால் மறுபடியும் சூடு. எதை விட்டுக்கொடுப்பது என்று யாராவது முடிவு செய்ய வேண்டும். நான் முடிவு செய்தேன்.

கொள்ளளவு பதினொரு லிட்டர். வரைபடத்தைப் பீரோ பட்டறை பொன்னுரங்கம் அண்ணாவிடம் கொடுத்தேன். அவர் தகட்டை வளைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா பாப்பா இது, காத்து போக ஒரு ஓட்டை கூட இல்ல? உள்ள இட்லி வெச்சா வெந்துடும் போல கீதே."

"புழுதி வரும் அண்ணா."

"இன்னா?"

"புழுதி."

"சர்தான். படிச்ச பொண்ணு, உனுக்குத் தெரியாததா."

கைப்பிடி நடுவில் இருந்தால் தூக்கும்போது பெட்டி சாயாமல் இருக்க, கனமானவையும் நடுவில் வர வேண்டும். அதனால் கனமும் சூடும் அதிகமான பவர் சப்ளையை நடுவில் வைத்தேன். விவரமெல்லாம் பதிந்திருக்கும் ஹார்ட் டிஸ்கை அதன் தலைமேல் வைத்தேன். ஜெபத்துக்காக, பன்னிரண்டு வோல்ட்டில் ஓட வேண்டிய விசிறியை ஏழு வோல்ட்டில் ஓடவிட்டேன். அது உள்ளே இருந்த சூடான காற்றையே மெதுவாகச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. எட்மண்ட் சார் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "ஓடுதாம்மா?" என்று கேட்டார்.

உட்சுவருக்குக் காகிதக்கூழ் பூசினேன். நம் வீடுகளில் கூடை செய்வது போலத்தான். காகிதத்தை இரண்டு நாள் ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து கிரைண்டரில் அரைத்து, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு அப்பினேன். காகிதம் எட்மண்ட் சார் வீட்டுப் பரணில் இருந்தது. எட்டு வருடமாக எல்லோரும் கையால் நிரப்பிக் கொடுத்த படிவங்கள். எல்லாம் கணினியில் ஏறிவிட்டதால், கரையானுக்கு முன் எடுத்துப்போகச் சொன்னார். கேட்டது நான்தான்.

பிரதி எடுத்த ஆறு சிடிக்களை அவர் தனிப் பையில் எடுத்து அலைவது எனக்குச் சிரமமாகப் பட்டது. பெட்டிக்குள்ளேயே ஒரு செருகிடம் வைத்தேன். இடம் இருந்தது பவர் சப்ளைக்கு ஒட்டிய பக்கத்தில் மட்டும்.

இனி பதிவு எண் 318. அது நான். அம்மா என்னைக் கேட்காமல் படிவம் நிரப்பிக் கொடுத்திருந்தார். குணம் என்ற இடத்தில் "அமைதி" என்று எழுதியிருந்தார். ஏப்ரல் இரண்டாவது ஞாயிறு மாலை முடிச்சூரில் புஷ்பம் ஆன்ட்டி வீட்டு டிவியில் என்னைக் காட்டுவதாக ஏற்பாடு. அவர்கள் மகன் ஆஸ்டின் நல்லவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் அவர் மேல் ஒரு புகாரும் இல்லை.

எட்மண்ட் சாரிடம் அந்த வாரம் போகும் வீடுகளின் பட்டியலை வாங்கினேன். ஒவ்வொரு வீட்டிலும் எவ்வளவு நேரம் என்றும் கேட்டுக்கொண்டேன். அதே அளவில் செய்த ஒரு மாதிரிப் பெட்டியில் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை முன்னதாக ஓட்டிப் பார்த்திருந்தேன். இருபத்தொரு மணி நேரம் தாங்கியது. ஏப்ரல் வெயிலுக்கு ஒரு மணி கழித்து, இருபது என்று போட்டேன். ஒரே ஒரு சோதனை என்பதால் பிழைக்கு இடம் உண்டு. இருபது நிமிடம் முன்னதாகவே நின்றுவிட்டது.

அன்றைக்கு மூன்று பெண்கள். நான் மூன்றாவது. முதல் படம் நன்றாக வந்ததாம். இரண்டாவதாக எப்சி வந்ததும் டிவி அப்படியே உறைந்துவிட்டதாம். எட்மண்ட் சார் பெட்டியைத் தட்டிப்பார்த்துக்கொண்டிருந்த பத்து நிமிடமும் அந்தக் குடும்பம் எப்சியையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கூடம் முழுக்க வெந்தய வாசனை. புஷ்பம் ஆன்ட்டி அடுப்பைப் பார்க்க ஓடினார்களாம். பெட்டியைத் திறந்தபோது கூழ் கருகியிருந்தது. சிடிக்கள் அப்பளம் மாதிரி வளைந்திருந்தன.

வருகிற ஞாயிறு ஆராதனையில் ஆஸ்டினுக்கும் எப்சிக்கும் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசிக்கப்போகிறீர்கள். அந்தப் பெட்டி நடத்திவைத்த ஒரே கல்யாணம் அது. இதை என் பக்கம் சேர்த்துக்கொள்ளக் கேட்கிறேன்.

மீதி அறுநூற்றுப் பத்துப் பேரில் முப்பத்தைந்து வயது தாண்டியவர்கள் நாற்பது பேர் என்று எட்மண்ட் சார் சொன்னார். அவருக்கு அவர்களைப் பெயர் சொல்லித் தெரியும். சொல்லும்போது அழுதார். அதை நான் வடிவமைப்பில் கணக்கில் எடுக்கவில்லை.

"உன் ஒருத்தி பதிவை மட்டும் அழிச்சிருக்கலாமே, கம்ப்யூட்டர் மூணு நாள் உன் மேஜைலதானே இருந்துச்சு?" என்று உங்களில் ஐசக் சார் போன வாரம் கேட்டார். நியாயமான கேள்வி. அழிப்பதற்கு ஒரு பொத்தான் போதும். ஆனால் 318 மட்டும் காணாமல் போனால், ஏன் என்று எட்மண்ட் சார் கேட்பார். அம்மா கேட்பார். ஆயர் ஐயா வீட்டுக்கு வருவார். நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எல்லாமே போய்விட்டால் என்னைத் தனியாக யாரும் கேட்கப்போவதில்லை. யாருக்கும் மனவருத்தம் இல்லாத வழி அதுதான் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

தாளில் இத்தோடு முடிகிறது. மிச்சம் மூன்று வார்த்தை. நான்கு தடவை எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். வீட்டில் சொல்லிப் பார்த்தபோது அம்மா மிக்சியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஐசக் சார், அந்த விசிறியைக் கொஞ்சம் நிறுத்துங்கள்.

எனக்குக் கல்யாணம் வேண்டாம்.