சுத்தாமலே பீச்சுது

அந்தக் கப்பையும் பெட்டியில வச்சிடுங்க தம்பி. இந்த மேசை மேல இருக்கறது எல்லாமே உங்க தங்கச்சியோடதுதான். கையெழுத்தா? அதெல்லாம் நான் போட்டுக்கறேன்.

என்னது, புரொபசரைப் பாக்கணுமா? எதுக்கு? மாமேதைன்னு அவருக்கு முதுகுக்குப் பின்னாடி பேரு வச்சிருக்கோம். அந்தாளுக்கு ஒரு புரோகிராம் ஒழுங்கா ஓட்டத் தெரியாது. படம் காட்டத் தெரியும். கருந்துளையோட ரெண்டு பக்கமும் நீலமா பீச்சியடிக்கற மாதிரி ஒரே ஒரு படம். அதை வச்சே ஏழு வருஷமா கைத்தட்டல் வாங்கிட்டிருக்காரு.

அட, அது ஒண்ணும் பிரம்ம வித்தை இல்ல தம்பி. கருந்துளையோ நியூட்ரான் நட்சத்திரமோ, தன்னைத்தானே படுவேகமா சுத்துது. சுத்தறப்ப கூடவே காந்தப் புலத்தையும் முறுக்குது. முறுக்கேறி முறுக்கேறி, வெளியில இருக்கறதை மேலயும் கீழயும் கிட்டத்தட்ட வெளிச்சத்தோட வேகத்துல விசிறியடிக்குது. ம்ஹூம், உள்ள விழுந்தது திரும்பாது. சுத்தறதை நிறுத்தினா அந்தப் பீச்சலும் நிக்கணும், அவ்வளவுதான்.

நிறுத்திப் பாக்கலாம்னு இங்க ஒரு புத்திசாலிக்கும் தோணல. உங்க தங்கச்சிக்குத்தான் தோணுச்சு. கம்ப்யூட்டர்ல நாங்க ஓட்டற கருந்துளைக்கு வேகத்தைப் பூஜ்யமாப் போட்டுச்சு. அப்பவும் பீச்சுது! எங்கயோ தப்பு இருக்குன்னு மீட்டிங்ல எந்திரிச்சு சொல்லுச்சு. மாமேதைக்கு மூஞ்சி கறுத்துப்போச்சு. உனக்கு மிஷினே ஓட்டத் தெரியல, ஆராய்ச்சி உனக்குச் சரிப்படாதுன்னு எல்லார் முன்னாடியும் வெளிய போகச் சொல்லிட்டாரு. பன்னெண்டு பேர் உக்காந்திருந்தோம், ஒருத்தரும் வாயைத் தொறக்கல. தூ, முதுகெலும்பில்லாத கூட்டம்.

சேச்சே, அதுமேல தப்பே இல்ல. புரோகிராம்ல கருந்துளையோட துருவத்துப் பக்கம் இருக்கற வாயு எல்லாம் பறந்துபோய் காலியாயிடும். காலி இடத்தைக் கணக்குப் போட முடியாம புரோகிராம் படுத்துக்கும். அதனால துளியூண்டு சரக்கை நாமளே போட்டு நிரப்பிட்டே இருக்கணும். அந்தத் துளியை யாரோ ஆயிரம் மடங்கு ஏத்தி வச்சிருந்தாங்க. போட்ட சரக்குதான் சூடேறிப் பீச்சியிருக்கு, கருந்துளை இல்ல.

யார் ஏத்தினாங்களா? நான்தான். வெளியூர்க்காரங்க பாக்க வந்த அன்னிக்குப் படுத்துக்கக் கூடாதேன்னு ஏத்தினேன், இறக்க மறந்துட்டேன். மீட்டிங்ல அது என்னைத்தான் பாத்துச்சு. நான் குனிஞ்சு போனை நோண்டிட்டிருந்தேன். அன்னிக்கே அதை இறக்கி, சுத்தவிடாம ஓட்டிப் பாத்தேன் தம்பி. ஒரு சொட்டு பீச்சல. மூணு வாரமாச்சு. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்.