பள்ளத்துப் பக்கம்

சுகந்தி: மெதுவா ஓட்டுங்ணா... கழுத்து கழண்டுரும்போல வலிக்குது.

கமலேஷ்: ப்ளேன் ஓட்டப் பழகற புள்ளைக்கு என்கூட மூட்டை தூக்கற சுரேந்திரன் ஜீப்பு ஆகலையாக்கும்?

சுகந்தி: வலி வந்ததே ப்ளேன்லதான். ஸ்டீப் டர்ன்னு ஒண்ணு இருக்குது. ப்ளேன நல்லாச் சாய்ச்சு ஒரு முழு வட்டம் சுத்தோணும். தலை உர மூட்டையாட்டம் கனக்கும்.

கமலேஷ்: சுத்திட்டுப் போ. அதுக்கென்ன?

சுகந்தி: உயரம் நூறடிக்கு மேல குறையக் கூடாது. எனக்கு முந்நூறு குறையுது. டெஸ்டு வெக்கற ஜஸ்டஸ் சார் ரெண்டு தடவையும் ஃபெயில் போட்டுட்டாரு. நாளைக்குத்தான் கடைசி. அதுவும் இல்லைன்னா ஸ்காலர்ஷிப்ப நிறுத்திருவாங்க. அப்புறம் அம்மாகூடத் தேயிலைக் கொழுந்து பறிக்கத்தான்...

கமலேஷ்: இரு, வளைவு வருது... ஏன் அம்மிணி அப்படி உக்கார்ற?

சுகந்தி: எப்படி?

கமலேஷ்: ஜீப்பு பள்ளத்துப் பக்கம் சாஞ்சா நீ மேட்டுப் பக்கம் வளையற. கழுத்து கொக்காட்டம் நிக்குது.

சுகந்தி: கொழுந்து மூட்டை மேல உக்காந்து பள்ளிக்கூடம் போனவங்கதானே நாம? வளையலைன்னா லாரிலருந்து உருண்டிருப்போம்.

கமலேஷ்: ப்ளேன்லயும் இதேதான் பண்றயா?

சுகந்தி: ஐயோ... ஆமாங்ணா! நான் வளைஞ்சா கண்ணு இடம் மாறிருது. ப்ளேன் மூக்கு கீழ எறங்கறதே தெரியறதில்ல.

கமலேஷ்: சீட்டோட ஒட்டி உக்காரு. அது சாஞ்சா நீயும் சாய்.

சுகந்தி: பள்ளம் தெரியுதுங்ணா!

கமலேஷ்: தெரியட்டும். நாந்தானே ஓட்டறேன்.

சுகந்தி: ஏனுங்ணா, வண்டியத் திருப்பறீங்க? மேட்டுப்பாளையம் கீழல்ல இருக்குது?

கமலேஷ்: மேல போய், இப்ப வந்த மூணு வளைவையும் இன்னொருக்கா எறங்கலாம்.

சுகந்தி: உரம் ஏத்தோணும், ஒம்பதுக்குக் குடோன் தொறக்கும், போற வழில உன்ன விட்டர்றேன்னீங்க?

கமலேஷ்: பேசாம உக்காரு... ம், இப்ப எப்படி?

சுகந்தி: வளையலை... அட, கழுத்தும் இழுக்கலைங்ணா!

கமலேஷ்: இன்னொருக்கா?

சுகந்தி: போங்க... அண்ணா, ஒண்ணு சொன்னாத் திட்ட மாட்டீங்களே? நான் டெஸ்டுக்குப் போறதாவே இல்ல. படிப்ப விட்டர்றேன்னு அங்க குடுக்கக் கடுதாசி எழுதிப் பையில வெச்சிருக்கேன்.

கமலேஷ்: தெரியும். உன் பையில துணி மடிச்சு வெக்கறப்ப அம்மா அதப் பாத்துட்டு என்னப் படிச்சுக் காட்டச் சொல்லுச்சு. உரமும் இல்ல, குடோனும் இல்ல, உன்னக் கொண்டுபோய் விடத்தான் வந்தேன். ஃபேக்டரில என் பங்கு மூட்டையும் இன்னிக்கு சுரேந்திரன்தான் தூக்கறான். அவனுக்கு நான் ஒரு நாள் சுமை கடன்பட்டிருக்கேன்.