சம்பந்தி வீட்டு மோதிரம்

— இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்துடுங்களேன்மா. அந்தப் பூதக்கண்ணாடியைக் கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திருப்பி.

— மூணு தடவை பார்த்துட்டேன் சார். மோதிரத்துல கல்லு பதிக்கிறதுதான் என் பொழப்பே. பார்த்ததைச் சொல்றேன், இது சுத்தமான வேலை.

— தப்பா எடுத்துக்காதீங்க. அவசரப்படாம பாருங்க. எங்கயாவது ஒரு குறை இருக்கும்.

— இருக்கணும்னு வேண்டிக்கிட்டு வந்தீங்களா?

— சேச்சே! இது என் சிநேகிதரோட பொண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டுல போட்ட நிச்சயதார்த்த மோதிரம். அவருக்கு ஒரு சந்தேகம். வெளியில காட்டக் கூச்சப்படுறார். சரி, நாம கொண்டுபோய்க் காட்டுவோமேன்னு…

— பொண்ணு கழட்டிக் குடுத்துச்சா?

— குளிக்கப் போறப்ப கழட்டி மேஜைமேல வைப்பா. வைப்பாளாம். சிநேகிதர் சொன்னார்.

— அப்ப இந்நேரம் வீடு பூரா தேடிக்கிட்டு இருக்குமே!

— அது… பாலிஷ் போடக் குடுத்திருக்குன்னு சொல்லிக்கலாம். நீங்க வேலையைப் பத்திச் சொல்லுங்க.

— கல்லைப் பிடிக்கிற கம்பி நாலும் ஒரே உயரம். நுனியை உருட்டி விட்டிருக்காங்க, துணியில மாட்டாது. கல்லு உக்கார்ற குழியையும் அளவா வெட்டியிருக்காங்க. இருங்க, உங்க காதுகிட்ட வெச்சுத் தட்டுறேன். ஏதாவது கேக்குதா?

— ஒண்ணும் கேக்கலையே.

— கேக்கக் கூடாது. கேட்டா கல்லு ஆடுதுன்னு அர்த்தம்.

— நம்பவே முடியலம்மா. மாப்பிள்ளையோட அம்மா, ஒத்தை ஆளா துணி தைச்சுப் பிள்ளையை வளர்த்தவங்க. நிச்சயத்தன்னிக்குக்கூட அவங்க கழுத்துல ஒண்ணும் இல்ல. அவங்க கையிலேந்து இப்படி ஒரு மோதிரம் வந்தா எனக்கு… என் சிநேகிதருக்குச் சந்தேகம் வராதா? பொண்ணு வீட்டுல மாப்பிள்ளைக்குப் போட்டது அப்படி இல்ல. பெரிய கடையில சொல்லிச் செஞ்சது. கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுக்கலாம்.

— தைக்கத் தெரிஞ்சவங்களுக்கு நல்ல வேலை எதுன்னு பார்க்கவும் தெரியும் சார்.

— அக்கா, நான் குடுத்தது ரெடியாயிடுச்சா? பஸ்ஸு வேற… அட, சம்பந்தி! நீங்களா?

— சம்பந்தியம்மா! நான்… நான் சும்மா… மூக்குக் கண்ணாடிக்கு பிரேம் மாத்தலாம்னு இந்தப் பக்கம்…

— அக்கா கையில இருக்கிறது நான் மருமகளுக்குப் போட்ட மோதிரமாச்சே?

— உங்க மருமகளுக்கா? இவர் யாரோ சிநேகிதர் பொண்ணுதுன்னு… அய்யய்யோ, நான் வாயே திறந்திருக்கக் கூடாது.

— இல்ல சம்பந்தியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு விரலுக்குக் கொஞ்சம் தளர்வா இருக்குன்னு… இல்ல. வேண்டாம். இன்னொரு பொய் வேற எதுக்கு? கல்லை ஒழுங்காப் பதிச்சிருக்கான்னு பார்க்கத்தான் கொண்டு வந்தேன். பொண்ணுக்குத் தெரியாது. வீட்டுல யாருக்குமே தெரியாது.

— அட விடுங்க. அக்கா, இவருக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுங்க. சட்டையெல்லாம் எப்படி வேர்த்திருக்கு பாருங்க.

— என்னை நாலு வார்த்தை திட்டிடுங்க. முகத்தை எங்க கொண்டுபோய் வெச்சுக்கிறதுன்னே தெரியல.

— எதுக்குத் திட்டணும்? நான் மட்டும் எதுக்கு வந்தேங்கிறீங்க? நீங்க என் பையனுக்குப் போட்ட மோதிரத்தைத்தான் இந்த அக்காகிட்டக் குடுத்து வெச்சிருக்கேன். நானும் சோதிச்சுப் பார்க்கத்தான்.

— என்னது?

— ஏம்மா, நீங்க குடுத்தது வந்து…

— அட, நீங்க அதை எடுத்துக் குடுங்கக்கா. வேலை எப்படி? நல்லா இருக்கில்ல?

— நல்லா இருக்கு. இப்ப நல்லா இருக்கு.

— கேட்டுக்கிட்டீங்களா சம்பந்தி? உங்களுதும் சுத்தம், எங்களுதும் சுத்தம். சரிக்குச் சரியாப் போச்சு. பிள்ளைங்க காதுக்கு இது போக வேண்டாம். நான் வரட்டுமா? பஸ்ஸை விட்டுடுவேன். முதல்ல அந்தத் தண்ணியைக் குடிங்க.

— பார்த்து இறங்குங்கம்மா, கடைசிப் படி உயரம்.

— போயிட்டாங்களா?

— போயிட்டாங்க. இந்தாங்க சார், உங்க மோதிரம்.

— அப்பாடா! எனக்கு உயிரே போயிடுச்சும்மா. அப்படியே பூமிக்குள்ள புதைஞ்சுடலாமான்னு இருந்துச்சு. கடைசியில பார்த்தா அவங்களும் அதே கதைதான்!

— ம்.

— நானாவது பெத்த பொண்ணை நினைச்சு வந்தேன். ஒரு அப்பனுக்கு இருக்கிற கவலை. இவங்க? பையன் விரல்லேந்து உருவிக்கிட்டு வந்திருக்காங்க, சம்பந்தி ஏமாத்திட்டானான்னு பார்க்க! வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியாதவங்க மாதிரி!

— போதும் சார்.

— இல்லம்மா, இதை என் வீட்டுக்காரிகிட்டச் சொல்லியே ஆகணும். பொண்ணும் தெரிஞ்சுக்கட்டும், எப்படிப்பட்ட மாமியார்கிட்டப் போறான்னு. இருங்க, ஒரு போன் போட்டு…

— போனைக் கீழ வைங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். ஆனா இதுக்கு மேலயும் வாயை மூடிக்கிட்டு இருந்தா எனக்குச் சோறு இறங்காது.

— என்னம்மா சொல்றீங்க?

— அவங்க சோதிக்கக் குடுக்கல. சரி பண்ணக் குடுத்தாங்க. உங்க மாப்பிள்ளை கை கழுவுறப்ப கல்லு கழண்டு விழுந்திருக்கு. பார்த்ததைச் சொல்றேன், ரெண்டு கம்பி கல்லைத் தொடவே இல்ல. பசை வெச்சு ஒட்டியிருந்தாங்க. நாலையும் எடுத்துட்டு, புதுசா வெச்சு நான்தான் பதிச்சேன்.

— எங்க மோதிரமா? பெரிய கடையில சொல்லிச் செஞ்சதாச்சே!

— அதேதான்.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அந்தக் கடைக்காரனை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பேனே.

— அதுதான் வேண்டாம்னாங்க. ஆசையாப் போட்ட மனுஷன், தெரிஞ்சா குறுகிப் போயிடுவார்னாங்க. பொண்ணுகிட்டக்கூட மூச்சு விடக் கூடாதுன்னு பையன்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்காங்களாம்.

— அப்ப… சோதிக்க வந்தேன்னு என்கிட்ட எதுக்குச் சொல்லிட்டுப் போனாங்க?

— கடைக்குள்ள வர்ற வரைக்கும் அவங்க மனசுல அப்படி ஒரு நினைப்பே இல்ல சார். நீங்க தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னீங்க, உங்களைத் தனியா நிக்க விட மனசில்லாம பக்கத்துல வந்து நின்னுட்டாங்க.