பீரோ கண்ணாடியில் சிரித்தவன்

"ஹலோ... ஹலோ, மது? எடுத்துட்டியா! ஏய், உட்காந்துண்டு கேளு... இல்லடி, யாருக்கும் ஒண்ணும் ஆகலை. நான் அழல, சிரிக்கறேன்!"

காளிகாட் வீட்டு மாடிப்படியில் பாதியில் நின்றிருந்தாள் வித்யாலக்ஷ்மி. ஒரு கையில் மொபைல், இன்னொரு கையில் லேப்டாப். பேச்சை முந்திக்கொண்டு சிரிப்பு வந்தது. சென்னையிலிருக்கும் மதுவந்திக்கும் அவளுக்கும் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஒரு பைத்தியம்: காமெடிப் படம் போட்டால் கதையைப் பார்க்க மாட்டார்கள். மைக் எங்கே எட்டிப் பார்க்கிறது, கேமராக்காரர் நிழல் எங்கே விழுகிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

"ஆமா, ஆமா, மாட்டிண்டுது! அந்தப் பேய் வீட்டு பெங்காலி காமெடி... அதான், மாமியாரைப் பேய்னு நெனச்சு மாப்பிள்ளை பீரோக்குள்ள ஒளிஞ்சுப்பானே... அதேதான். அந்தம்மா பீரோவைத் திறக்கறா இல்லையா, கதவுல ஆளுயரக் கண்ணாடி. அது திரும்பறப்போ மொத்த யூனிட்டும் தெரியறதுடி!... லைட்டு, ஸ்டாண்டு, பிளாஸ்டிக் நாற்காலில ஒருத்தர் டீ குடிச்சிண்டு... கேளு, கேளு! மேல மைக் தொங்கறது, ரோமம் போர்த்தின மைக், பெருச்சாளி மாதிரி. அது இறங்கி இறங்கி, அந்தம்மா கொண்டைல போய் உட்கார்றது!"

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது.

"ஐயோ, இரு... மூச்சு வாங்கறது... விஷயம் அது இல்ல. அந்த மைக் கம்பை யார் பிடிச்சிண்டிருக்கான் தெரியுமா?... இல்ல... இல்ல... ஆதர்ஷ்டி!... எந்த ஆதர்ஷா? போன ஞாயித்துக்கிழமை என்னைப் பொண்ணு பார்க்க வந்தானே, டாலிகஞ்ச் ஸ்டுடியோல சவுண்ட் வேலைன்னு!... ஆமா, உம்மணாமூஞ்சி. நான்தான் சொன்னேன், ஒத்துக்கறேன். தட்டுல வச்ச சந்தேஷ் ஸ்வீட்டையே பாத்துண்டு உட்காந்திருந்தான், உதடு அசையலை. அப்பா ஜோக்குக்குக்கூட... சரி, அப்பா ஜோக்குக்கு யாருமே சிரிக்க மாட்டா, அது வேற... ஆனா கண்ணாடியில பாக்கணும் நீ! சிரிப்பை அடக்க முடியாம சட்டைக் காலரைப் பல்லால கடிச்சிண்டு, தோள் ரெண்டும் குலுங்கக் குலுங்க... அதனாலதான்டி மைக்கே இறங்கியிருக்கு!... அவனேதான். நிறுத்தி, பெரிசு பண்ணிப் பார்த்தேன். கடைசில பேரும் ஓடறது."

மது ஏதோ கேட்டாள். வித்யாவின் குரல் சட்டென்று இறங்கியது.

"...ஆமா. வேண்டாம்னுதான் சொல்லிட்டேன். சிரிக்கத் தெரியாதவனோட எப்படி... ஆமா... இன்னிக்குத்தான் அப்பா அவாளுக்கு... இரு. இரு, இரு."

கீழே கூடத்தில் அப்பா சந்தானம் போனில் யாருக்கோ நமஸ்காரம் சொல்லித் தொண்டையைச் செருமினார். முகத்துக்கு நேரே மறுப்புச் சொல்ல வராத மனிதர். சொல்லியே ஆகவேண்டும் என்றால் அப்படித்தான் செருமுவார்.

"மது, வைக்காதே!"

லேப்டாப்பைப் படியிலேயே விட்டுவிட்டுத் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

"அப்பா, சொல்லாதீங்கோ!... சொல்லிட்டேளா?... பாதிதானே? மீதியை நான் சொல்லிக்கறேன். குடுங்கோ... அப்புறம் சொல்றேன்பா, குடுங்கோ!... ஹலோ, மாமா, நமஸ்காரம். வித்யா பேசறேன். அப்பா இப்போ சொன்னது தப்பு... இல்ல, அப்பா மேல தப்பில்ல, என் மேலதான்... அவர் இருக்காரா?... கொஞ்சம் குடுக்கறேளா?"

ஆதர்ஷ் வரட்டும் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அப்பா திறந்த வாயை மூடவில்லை. அம்மா கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"ஹலோ... நான்தான். ஒண்ணு கேக்கட்டுமா? அந்தப் பேய் வீட்டுப் படத்துல, பீரோ கண்ணாடில... அடப்பாவமே, டைரக்டர்கிட்ட செம திட்டா?... படம் பாத்தவா இதுவரைக்கும் யாருமே கண்டுபிடிக்கலையா? நான் கண்டுபிடிச்சுட்டேனே!... அப்போ அன்னிக்கு எங்காத்துல ஏன்... என்னது? சிரிக்கக்கூடாதுன்னு உங்கம்மா சொல்லி அனுப்பினாளா? ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேள்னா?... கன்னத்தைக் கடிச்சிண்டா உட்காந்திருந்தேள்! அப்பா ஜோக்குக்கா?"

போனிலிருந்து கிளம்பிய சிரிப்பு கூடம் முழுக்கக் கேட்டது. இருமலில் போய் முடிந்து, மறுபடியும் ஆரம்பித்தது. தன் ஜோக்குக்கு ஒருவன் சிரித்த பெருமையில் அப்பா நிமிர்ந்து நின்றார். வித்யா இன்னொரு கையிலிருந்த மொபைலைக் காதில் வைத்தாள்.

"மது! எல்லாம் கேட்டுதா?... ஆமான்னுதான் சொல்லப்போறேன். அதை முதல்ல அவர்கிட்ட சொல்ல விடேன்டி... வை. வைடீ!"